நீரிழிவும் உணவுக்குழலும்

நீரிழிவு நோய் கண்களையும் சிறுநீரகங்களையும் பாதங்களையும் கெடுக்கும் என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் அறிவர். தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும், ஏறத்தாழ 25 செண்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலையும் அது தாக்கக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. ஆகவே அதனைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம்.

உணவுக்குழலின் தசைகள் அலையலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், அத்தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதடையும். அப்போது உணவு நெஞ்சிலேயே தங்கிவிட்டதுபோல் தோன்றும். புளித்த நீர் மேலேறும். சிலருக்குக் கேண்டிடா என்னும் பூஞ்சை பற்றி, குழலில் வெண்படலம் படியும், விழுங்கும்போது வலிக்கும். இது மருந்தினால் குணமாகும்.

இவற்றினும் மிக அரியதும் கொடியதுமான ஒன்று உண்டு. அதனை மருத்துவர்கள் ‘கரிய உணவுக்குழல்’ என்பர். எண்டோஸ்கோப் கருவியால் நோக்கினால் குழலின் கீழ்ப்பகுதி கரிபோலக் கறுத்திருக்கும். இரைப்பை தொடங்குமிடத்தில் அக்கறுப்பு கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் பெருகும் நிலையில் இது நேர்வதுண்டு. உடலில் நீர் வற்றி இரத்த ஓட்டம் தளர்கிறது. குழலின் உட்சுவருக்குப் போதிய இரத்தம் கிட்டுவதில்லை. வாந்தியுடன் மேலேறும் இரைப்பை அமிலம் அதனைப் புண்ணாக்குகிறது. காப்பித்தூள் கரைத்தாற்போன்ற கறுத்த வாந்தி முக்கியமான அறிகுறி. உடனே மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளித்தால் உட்சுவர் மீண்டும் வளரக்கூடும். தாமதித்தால் குழல் துளைபடலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இன்சுலின் முதன்முதலில் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922-ஆம் ஆண்டில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில். அதற்குமுன் இந்த அமில நிலைக்கு உள்ளானவர் பிழைப்பது அரிது. அத்தகைய மருந்தை, “இன்று ஒன்றும் உண்ணவில்லையே, ஊசி எதற்கு?” என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். இது பெரும் தவறு. காய்ச்சலும் வாந்தியும் உள்ள நாளில் உண்ணாவிடினும் சர்க்கரை ஏறக்கூடும். எனவே மருத்துவரைக் கேளாமல் இன்சுலினை நிறுத்தலாகாது.

நீரிழிவு உள்ளோர் மாத்திரைகளை நிமிர்ந்து அமர்ந்து, நிறைய நீருடன் விழுங்குதல் நன்று. விழுங்குவதில் தடையோ வலியோ நீடித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். திடீரென வரும் நெஞ்சுவலியை வாயு என்று எண்ணிச் சோடா அருந்திக் காத்திராதீர்கள். அது இதய நோயாகவும் இருக்கலாம். தறி வேலையும் வயல் வேலையும் ஒரு நாள் காத்திருக்கும், இந்நோய் காத்திராது.