தாளில் வெட்டாத இலைகள்

சிங்கப்பூரில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோருக்கு இலையுதிர்காலம் என்பது ஒரு நிறம்தான். செம்மஞ்சள். பாலர் பள்ளியில் நான்கு பருவங்களைப் பற்றிய பாடம் வரும்போது, மேப்பிள் இலை வடிவத்தில் ஆசிரியர் முன்கூட்டியே வெட்டி வைத்த தாள்கள் மேசைக்கு வரும். கோந்து தடவி ஒட்டுவோம். அடுத்த வாரம் அதே பலகையில் பஞ்சுப் பனிமனிதர் ஏறிவிடுவார். அந்த இலையை நாம் தொட்டதில்லை. கொடுத்த ஆசிரியர்களில் பலரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பாலர் கல்வி பயிலும் நான், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் சென்ற ஆண்டின் கடைசி மாதங்களைக் கனடாவின் டொரோண்டோ நகரில் கழித்தேன். போலிஸ் சரிபார்ப்பு முடிந்ததும், நகரின் கிழக்கில் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ வட்டாரப் பொதுப்பள்ளி ஒன்றின் பாலர் வகுப்பில் வாரம் இரண்டு நாள் தொண்டூழியராக இருந்தேன். தாளில் ஒட்டிய அந்தப் பருவம் உண்மையில் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பார்க்கும் ஆசைதான் காரணம்.

ஒன்டாரியோ மாகாணத்தில், பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பர் மாதமே பாலர் வகுப்பு தொடங்கிவிடுகிறது. டிசம்பரில் பிறந்த பிள்ளை, நான்கு வயது ஆகாமலேயே முதல் நாள் வந்து நிற்கும். நான்கு, ஐந்து வயதினர் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியரும் பாலர் கல்விப் பயிற்சி பெற்ற இன்னொருவரும் சேர்ந்து வகுப்பை நடத்துகிறார்கள். நம் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது; அங்கோ இலைகள் நிறம் மாறும் அதே வாரங்களில்தான் பிள்ளைகள் முதன்முறையாக அம்மாவின் கையை விடுகிறார்கள். ஆகவே, பல காலைகளில் முதல் பாடம் இதுதான்: அழும் பிள்ளையை வெளியே அழைத்துப்போய்க் கையில் ஓர் ஓக் கொட்டையைக் கொடுப்பது. அழுகை பெரும்பாலும் அந்தக் கொட்டையின் தொப்பியைக் கழற்றிப் பார்க்கும்வரைதான்.

ஒரு திங்கட்கிழமை ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதப் பை கொடுத்தார்கள். பள்ளி வேலியோரம் நடந்து, பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம். வகுப்புக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கொட்டினார்கள். ஆசிரியர், “நிறவாரியாகப் பிரியுங்கள்” என்று சொல்லவில்லை. “எது எதோடு சேரும்?” என்று மட்டும் கேட்டார். சிலர் பெரியது, சிறியது என்று பிரித்தார்கள். ஒரு சிறுமி, “யாரோ சாப்பிட்டது, யாரும் சாப்பிடாதது” என்று ஓட்டை விழுந்த இலைகளைத் தனியே எடுத்து வைத்தாள். ஒரு பையன் ஒவ்வோர் இலையையும் காதோரம் வைத்து நசுக்கிப் பார்த்தான். சத்தம் போடுவது ஒரு குவியல், போடாதது இன்னொரு குவியல். ஆசிரியர் அவன் சொன்ன விதியை அவன் சொன்ன சொற்களிலேயே அட்டையில் எழுதிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். வகைப்படுத்துதல் என்பது கணிதம். பயிற்சித்தாளில் அதற்கு ஒரே ஒரு சரியான விடைதான் இருந்திருக்கும். ‘சத்தம்’ அந்த விடையாக இருந்திருக்காது.

வகுப்புக்கென்று ஒரு மரமும் உண்டு. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒரு மேப்பிள் மரம். வாரந்தோறும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுவார்கள். நவம்பரில் அவர்களுடைய மரம் மொட்டையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த வேறு இன மேப்பிள் மட்டும் இன்னும் இலைகளோடு நின்றது. ஏன்? பிள்ளைகளின் ஊகங்களை ஆசிரியர் எழுதிக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த ஊகம்: “அதுக்கு இன்னும் யாரும் சொல்லல.”

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், மரத்துக்கு உண்மையிலேயே ஒன்று ‘சொல்லத்தான்’ செய்கிறது. அதுதான் பகலின் நீளம். டொரோண்டோவில் ஜூன் மாதத்தில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும்; டிசம்பரில் 9 மணி நேரத்துக்கும் குறைவு. பகல் சுருங்கி குளிர் ஏற ஏற, இலையில் பச்சையம் சிதைகிறது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகள் முன்பே இலைக்குள் இருந்தவை. பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல. அந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் அந்தப் பருவத்தில் புதிதாகவே உருவாக்குகின்றன. ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற நேரத்தில் இதைச் செய்கிறது. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கவில்லை. ஆசிரியர் பச்சை இலைகளை நசுக்கி ஆல்கஹாலில் ஊறவைத்து, காப்பி வடிதாளின் ஒரு நுனியை அதில் நனைத்துவிட்டு நகர்ந்தார். தாளில் பச்சை ஏறியது. அதையொட்டி ஒரு மஞ்சள் கோடும் தெரிந்தது. “உள்ளே ஒளிஞ்சிருந்துச்சு!” என்று ஒருத்தி கத்தினாள். உயர்நிலைப் பள்ளி அறிவியல் கூடத்தில் இதே சோதனையைச் செய்து அறிக்கை எழுதியவள் நான். யாரும் கத்தியதாக நினைவில்லை.

எல்லாமே இப்படி இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலும் நாளுக்கு, 24 பிள்ளைகளும் உள்ளங்கையில் சாயம் பூசி வான்கோழி அச்சுப் பதித்தார்கள். 24 வான்கோழிகளும் ஒன்றுபோலவே இருந்தன. கை கழுவத்தான் அரை மணி நேரம் போனது. மூன்று நிற ஆப்பிள்களைச் சுவைத்து, எது பிடிக்கும் என்று வரைபடம் போடுவதும் நடந்தது. அதில் சொல்ல அதிகமில்லை, பச்சை தோற்றது.

பூசணிக்காய் வேறு கதை. தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டியில் போட்டால் மிதக்குமா, மூழ்குமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மூவர் மட்டுமே மிதக்கும் என்றார்கள். தூக்கிப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை: கனமானது மூழ்கும். போட்டார்கள். மிதந்தது. வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பிறகு ஒரு பையன் அதைக் கீழே அழுத்திப் பார்த்தான். கையை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அழுத்தினான். பத்துப் பன்னிரண்டு முறை. யாரும் அவனைத் தடுக்கவில்லை. வெட்டித் திறந்தபோதுதான் உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்று தெரிந்தது. விதைகளைப் பத்துப் பத்தாக முட்டை அட்டையில் அடுக்கி எண்ணினார்கள்.

ஹாலோவீன் முடிந்ததும் அந்தப் பூசணிக்காயைத் தூக்கி எறியவில்லை. ஒளி ஊடுருவும் பெட்டியில் வைத்து மூடியைச் சுற்றி ஒட்டி, சன்னலோரம் வைத்தார்கள். வாரம் ஒருமுறை எல்லாரும் அதைப் பார்த்து வரைய வேண்டும். முதல் வாரம் வெள்ளைப் பூஞ்சை. பிறகு சாம்பல், கறுப்பு. மூன்றாம் வாரம் ஒரு பக்கம் உள்வாங்கி, முகம் சுளித்ததுபோல் ஆகிவிட்டது. “செத்துப்போச்சா?” என்று ஒருவன் கேட்டான். “நீ என்ன நினைக்கிறாய்?” என்றார் ஆசிரியர். அவன் நெடுநேரம் பெட்டியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இல்ல, அதை வேற ஒண்ணு சாப்பிடுது” என்றான். நம்மூர் வகுப்பறையில் இதைச் செய்தால் முதல் வாரமே பெற்றோரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அழுகுவதைப் பார்க்காத பிள்ளைக்கு, உதிர்ந்த இலைகளெல்லாம் எங்கே போகின்றன என்பது எப்படிப் புரியும்?

அக்டோபர் கடைசி வாரத்தில், குடும்பத்தினர் வந்து தங்கள் ஊர்க் கதையைப் பகிரலாம் என்று பள்ளி அழைத்திருந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் அம்மம்மா வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எங்கட ஊரிலை இப்பிடி இலை கொட்டாது. ஆவணி, புரட்டாதியிலை பனம்பழம் விழும். விடியப்புறம் எழும்பி ஓடுவம். முதல் போறவைக்குத்தான் பழம்” என்றார். பழம் விழும் ஓசையை “தொப்” என்று அவர் சொல்லிக் காட்ட, 24 பேரும் தொப் தொப் என்று தரையில் விழுந்தார்கள். கொட்டையை மண்ணில் புதைத்தால் கிழங்கு வரும், அதைக் காயவைத்தால் ஒடியல் என்று ஒரு துண்டையும் எடுத்துக் காட்டினார். ஒவ்வாமை விதிகளால் யாரும் சுவைக்க முடியவில்லை. எல்லாரும் முகர்ந்து பார்த்தார்கள்.

பிறகு அவர் மேசையில் கிடந்த இலைகளைத் தாமாகவே பிரிக்கத் தொடங்கினார். பச்சையாக இருந்ததைக் காட்டி “இலை” என்றார். மஞ்சளானது “பழுப்பு”. நொறுங்கியது “சருகு”. “கொழுந்தும் தளிரும் இப்ப இராது. குளிர் முடியட்டும், பிறகு பாருங்கோ” என்றார். இந்தச் சொற்களை உயர்நிலை ஒன்றில் மனப்பாடம் செய்து, கோடிட்ட இடங்களை நிரப்பியிருக்கிறேன். ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அவற்றைச் சொல்லிக் கேட்டது அன்றுதான் முதன்முறை. ஆசிரியர் என்னைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, ‘சருகு’ அட்டையைச் சத்தம் போடும் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். சீனப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளையும் “சருகூ” என்று கத்தினார்கள். அதுவரை வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசியிராத அந்தப் பேத்தி எழுந்து, “சருகூ இல்ல, சருகு” என்று திருத்தினாள். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார்.

வெளியே வந்தபோது என்னிடம், “பிள்ளை, உங்கட ஊரிலை இலை கொட்டாதோ?” என்று கேட்டார்.

கொட்டும், பாட்டி. நம் புளோக்குகளுக்கு அடியில் நிற்கும் கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை மரம், பெரிய இலைகளைச் சிவக்கவிட்டு உதிர்க்கும், ஆண்டுக்கு இருமுறைகூட. அங்சானா பூத்தால் மறுநாள் நடைபாதை மஞ்சளாகும். தூங்குமூஞ்சி மரம் மழைக்கு முன் இலைகளை மடித்துக்கொள்ளும். சாகா மரத்தடியில் சிவப்பு விதைகளை நாமே பொறுக்கியிருக்கிறோம். அதுதான் மஞ்சாடி, தங்கம் நிறுக்கப் பயன்பட்ட விதை என்று எந்தத் தமிழ் வகுப்பிலும் எனக்குச் சொல்லப்படவில்லை. மேப்பிள் உதிரும் அதே ஐப்பசி, கார்த்திகையைப் பழந்தமிழர் கூதிர் என்றார்கள். அது இலையைப் பற்றிய பெயரல்ல, குளிர்காற்றைப் பற்றியது. நமக்கு அந்த மாதங்களில் வருவது மழை. ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்று விழத்தான் செய்கிறது.

2022ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட நம் பாலர் கல்விக் கட்டமைப்பும் விளையாட்டு வழிக் கற்றலையே வலியுறுத்துகிறது. 1837ல் ஜெர்மனியில் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கிய ஃபுரோபல், இளவயதில் வனத்துறையாளர் ஒருவரிடம் தொழில் பழகியவர். 1840ல் அவர் சூட்டிய ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயருக்குப் பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். ஆகவே கொள்கை அளவில் தடை ஏதுமில்லை. ஆனால் டொரோண்டோவின் செம்மஞ்சளைப் பாடத்துக்கு எடுத்துவந்த நாம், அங்கே பிள்ளைகளின் கையில் இருந்த காகிதப் பையை விட்டுவிட்டோம்.

அடுத்து நான் பயிற்சிக்குப் போகவிருக்கும் பாலர் பள்ளி ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே கெத்தாப்பாங் மரம் ஒன்று நிற்கிறது. சென்ற வாரம் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். துப்புரவு ஊழியர் சிவந்த இலைகளையெல்லாம் கூட்டி அள்ளி முடித்திருந்தார். பிள்ளைகள் வருவதோ எட்டு மணிக்கு. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். பெரிய இலை, மழைநீர் தேங்கினால் கொசு வரும் என்றார், நியாயமான பதில். ஆனாலும் மரத்தடியில் ஒரு மூலையை மட்டும், மழையில்லாத நாளில் ஒன்பது மணிவரை விட்டுவைக்க முடியுமா என்று நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை அந்த ஊழியர் தினமும் ஒரு பை இலையை எனக்காக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.