ஆளைக் கவனிக்க ஓர் ஆள்!

லேத் பழுதுபட்டால் மெக்கானிக் ஓடி வருகிறார். கணக்கில் சிக்கல் என்றால் ஆடிட்டரைத் தேடிப் போகிறார்கள். லேத்தை ஓட்டுகிற மனிதனின் மனம் குமுறினால் யாரிடம் போவது? 'முதலாளியிடம் போ' என்பார்கள். முதலாளியோ பாங்கிக்கும் ஆர்டர் தந்த கம்பெனிக்கும் நடையாய் நடந்துகொண்டிருக்கிறார்!

அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை 1949இல் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகள் திருமழிசை வரை பரவின. இரும்பை வளைக்கத் தெரிந்த இப்பட்டறைகளில் மனிதனை நடத்தத் தெரிந்தவருக்கு மட்டும் நாற்காலி இல்லை.

அந்த நாற்காலி ஏன் வேண்டும்? வரலாறு விடை சொல்கிறது. அன்று ஆலை வாசலில் மேஸ்திரியே கடவுள். வேலைக்குச் சேரக் காணிக்கை, வேலையில் நீடிக்கக் காணிக்கை! ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பறித்து, தொழிலாளர் அதிகாரி ஒருவரிடம் தருக என்று 1931இல் விட்லி கமிஷன் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளர் உள்ள ஆலையில் நல அதிகாரி இருந்தாக வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 250 ஆக்கியது. நல்லதே. ஆனால் இருபது பேர் பட்டறையின் கதி? அங்கே மேஸ்திரி 'கான்ட்ராக்டர்' என்ற புதுப்பெயரில் உலவுகிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிமார் கூலியின் கணக்கு அவர் சட்டைப் பையில் இருக்கிறது!

பவர் பிரஸ்ஸில் ஒரு விரல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.யில் பெயர் பதிந்திருந்தால் சிகிச்சை உண்டு. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து என்றாலும் உண்டு. பெயர் பதியாதிருந்தாலோ ஆபீஸ் ஆபீஸாய் அலைச்சல்! பதிவதற்கு ஆகும் நேரம் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தை ஒதுக்க ஆளில்லாததால் ஒரு குடும்பம் தவிக்க வேண்டுமா என்று கேட்கிறோம்.

'சம்பளம் கொடுக்க வழி ஏது?' என்பார் சிறுமுதலாளி. நியாயமான கேள்வி. தனித்து முடியாததைக் கூடிச் செய்யலாமே! பன்னிரண்டு பட்டறைகள் சேர்ந்து ஒரே அதிகாரியை அமர்த்தட்டும். ஒரு பட்டறைக்கு மாதம் இரண்டு நாள். ஆக 24 நாள் வேலை. செலவு பன்னிரண்டில் ஒரு பங்கு. நியமனக் கடிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவுக் கணக்கு, புதியவனுக்குப் பயிற்சி, சச்சரவு முற்றுமுன் சமரசம் அனைத்தும் ஒழுங்குக்கு வரும். பாடுபட்டுப் பழக்கிய டர்னர் அடுத்த தெருப் பட்டறைக்குத் தாவுவதும் குறையும், லாபம் முதலாளிக்கும்தான்!

ஆளுக்குப் பஞ்சமில்லை. மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952இல் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவை இத்துறையில் இளைஞர்களைப் பயிற்றி அனுப்புகின்றன.

ஒன்று சொல்லி வைக்கிறோம். வருகிறவர் முதலாளியின் ஒற்றராகவோ, சங்கம் சேர்ந்தவனைக் குறித்துக் கொடுக்கும் கங்காணியாகவோ இருந்தால் பழைய மேஸ்திரியே மேல்! இரு தரப்பும் நம்பும் நடுவராக அவர் நிற்க வேண்டும். தொழிற்பேட்டைச் சங்கங்கள் முன்கை எடுக்கட்டும்; தொழிற்சங்கங்கள் தோள் கொடுக்கட்டும். எந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவர்கள், அதை இயக்கும் மனிதனையும் எண்ணிப் பார்க்கட்டும்!