இளைத்த உடம்பும் வலிக்கும் முதுகும்



உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எவரேனும் உங்கள் வீட்டிலோ உறவிலோ இருக்கின்றாரா? இருப்பின், இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குக் காரணம் தெரியாத முதுகுவலியும் இருக்குமானால், இன்றே படித்துக் காட்டுங்கள்.

என் அக்காவுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். பாலக்கோட்டுக்கு அருகில் வசிக்கும் அவருடைய எடை ஒரு காலத்தில் 112 கிலோ. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் வாட்டின. நாற்காலியில் அமர்ந்தே தொழுவார். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்குள் 38 கிலோ குறைந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்த அன்று அவர் அழுதுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கண்களும் கலங்கின.

அடுத்த ஆண்டு, அதே ஸஜ்தாவிலிருந்து எழும்போதுதான் முதுகுவலி தலைகாட்டியது. வேலை மிகுதி என்றார் ஒருவர். வாயு என்றார் மற்றொருவர். வயதாகிறதல்லவா என்றார் இன்னொருவர். தைலம் தேய்த்தோம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். எக்ஸ்ரே எடுத்ததில் குறையொன்றும் தெரியவில்லை. இப்படியே ஏழு மாதங்கள் கழிந்தன.

பிறகு ஒரு மருத்துவர் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார். "என்ன அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்கள்? அப்போது எழுதிக் கொடுத்த சத்து மாத்திரைகளை இன்னும் விழுங்குகிறீர்களா? வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?"

மாத்திரைகளை எட்டாம் மாதத்திலேயே அக்கா நிறுத்தியிருந்தார். உடம்புதான் நன்றாகிவிட்டதே, இனி எதற்கு என்ற எண்ணம். 'வாழ்நாள் முழுவதும்' என்று மருத்துவமனைக் காகிதத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் காகிதமோ பீரோவுக்குள் மடித்தபடியே கிடந்தது. எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவள் நான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள் நான். அதை ஒருமுறைகூட எடுத்து வாசிக்காமல் விட்டவளும் நானே. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குற்ற உணர்வுதான்.

எலும்பிலிருந்து எடுக்கப்படும் கடன்

இச்சிகிச்சையில் இருவகை பரவலாகச் செய்யப்படுகின்றன. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேல் வெட்டி அகற்றப்படுகிறது. மற்றொன்று, 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ என்னும் மருத்துவர்கள் தொடங்கிவைத்த மாற்றுவழி முறையின் இன்றைய வடிவம். இதில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாக்கப்பட்டு, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி இணைக்கப்படுகிறது. அந்தத் தொடக்கப் பகுதிதான் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தைச் சிறப்பாக ஈர்த்துக்கொள்ளும் இடம். வைட்டமின் டியும் குறைந்துவிட்டால் ஈர்ப்பு மேலும் தளர்ந்துவிடும்.

இரத்தத்தில் கால்சியம் குறைவதை உடல் பொறுத்துக்கொள்ளாது. கழுத்திலுள்ள நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்புகளிலிருந்து அதை எடுத்து இரத்தத்திற்கு வழங்குகின்றன. ஆகவே இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாகவே தோன்றலாம். எலும்போ உள்ளுக்குள் மென்மையாகிக்கொண்டிருக்கும். முதுகு, இடுப்பு, விலா ஆகிய இடங்களில் வலிக்கும். மாடிப்படி ஏறத் தொடை தளரும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் இது தெரியாமல் போகலாம். கால்சியம் அளவோடு வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் பார்த்தால்தான் உண்மை விளங்கும். அக்காவுக்கு முன்னது மிகக் குறைந்தும் பின்னது மிக உயர்ந்தும் இருந்தன.

கேழ்வரகு போதாதா?

"நாம் களி தின்று வளர்ந்தவர்கள், நமக்கு எதற்கு மாத்திரை?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் இச்சிகிச்சை செய்துகொண்டவருக்கு நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை தேவை. கேழ்வரகால் மட்டும் இதை நிரப்ப வேண்டுமாயின் முந்நூறு, நானூறு கிராம் மாவைக் களியாக்கித் தின்ன வேண்டும். சுருங்கிய இரைப்பை அதைத் தாங்குமா? உணவும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் உடல் சரிவர ஏற்காது என்பதால் பிரித்தே உண்ண வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

வைட்டமின் டி வெயிலில் உண்டாவது. பர்தா பேணும் நம் பெண்கள் மறைவான முற்றத்திலோ மொட்டை மாடியிலோ, முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி அமரலாம். எனினும் அறுவை சிகிச்சைக்குப் பின் வெயிலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. கூட்டுக் குப்பியின் உறை எதனால் ஆனதோ என ஐயுற்று மருந்தையே நிறுத்திவிடும் சகோதரிகளும் உள்ளனர். மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையாகவோ திரவமாகவோ மாற்றித் தருவார்.

நம் மாவட்டத்துத் தண்ணீர்

மருத்துவரின் மூன்றாம் கேள்வி தருமபுரிக்காரர்களுக்கே உரியது. நிலத்தடிப் பாறைகளிலுள்ள புளோரைடு நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் மிகுதியாகக் கலந்துள்ளது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம். வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போகும். இதனைப் புளூரோசிஸ் என்பர். 1937ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய ஆய்வாளர்கள் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளனர். கால்சியம் குறைந்த உடலில் புளோரைடின் தீங்கு இன்னும் கடுமையாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இத்துயரைத் தீர்க்கவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அக்காவின் வீட்டிலோ குடிப்பதற்குக் காவிரி நீர், சமைப்பதற்குத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர். பரிசோதித்தபோது கிணற்று நீரில் புளோரைடு அளவு மீறியிருந்தது. சோறும் குழம்பும் தேநீரும் அந்நீரில்தானே வேகின்றன? கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடும் என்பது தவறான எண்ணம். நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உங்கள் வீட்டு நீரையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லா வலியும் எலும்பு வலியன்று

விரைவாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகலாம். கொழுப்புணவுக்குப் பின் வலது விலாவின்கீழ் தொடங்கும் வலி தோள்பட்டை எலும்புவரை பரவும். சிறுநீரகக் கல்லின் வலி விலாப்புறத்திலிருந்து அடிவயிற்றை நோக்கி இறங்கும். பி12 வைட்டமின் குறைந்தால் பாதங்கள் மரத்துப் போகும். முதுகுவலியுடன் மாலைநேரக் காய்ச்சலும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா எனப் பார்க்க வேண்டும்.

வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்குக் குடல் முறுக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். கறுத்த மலம் கழிந்தாலும், கால்கள் வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாங்கள் செய்த மிகப் பெரிய தவறு, கேட்காமல் வலி மாத்திரை கொடுத்ததுதான். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்றவை, குறிப்பாக மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு, இரைப்பையும் குடலும் இணைந்த இடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடும். அப்புண்ணே முதுகுவலிக்கு இன்னொரு காரணமாகிவிடலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும், 'எனக்கு இரைப்பையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது' என்பதையே முதல் சொல்லாகச் சொல்லுங்கள்.

ரமளானைப் பற்றியும் ஒரு சொல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், குறிப்பாக முதலாம் ஆண்டில், மருத்துவரைக் கேளாமல் நோன்பு வைக்க முற்பட வேண்டாம். சிறுகச் சிறுகப் பலமுறை நீர் அருந்தியாக வேண்டிய உடம்பு அது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதனை ஏற்பது பலவீனம் அன்று.

இப்பொழுது அக்கா நாள்தோறும் மாத்திரை உண்கிறார். சமையலுக்கும் காவிரி நீரையே பயன்படுத்துகிறார். வலி ஒரே நாளில் அகலவில்லை. மெல்ல மெல்ல, மாதங்கள் கடந்தே தணிந்தது. சென்ற நோன்புப் பெருநாளன்று யாருடைய கையையும் பற்றாமல் ஸஜ்தாவிலிருந்து எழுந்தார்.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அது வலியால் பேசும்போது மாத்திரையால் அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். என்ன சொல்கிறது என்று கேளுங்கள். முதலில் பீரோவைத் திறந்து, அந்த மருத்துவமனைக் காகிதத்தை வெளியே எடுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால், படித்த பிள்ளை ஒருவரை அருகில் அமர்த்தி, வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.