மீத்தேனைப் பிளந்தால் மிஞ்சும் கரியை என்ன செய்வது?

ரப்பர் மரத்தில் வடியும் பால் வெள்ளை நிறம். டயர் மட்டும் ஏன் கறுப்பு? அதில் சேர்க்கப்படும் ‘கார்பன் பிளாக்’ எனும் நுண்ணிய கரித்தூள்தான் காரணம். அத்தூள் இல்லாத டயர் சாலையில் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்று உலகில் பயன்படும் கார்பன் பிளாக்கில் பெரும்பகுதி, கனமான எண்ணெய் எச்சத்தை அரைகுறையாக எரித்துத் தயாரிக்கப்படுகிறது. அப்போது ஏராளமான கரிவளியும் வெளியாகிறது.

அதே தூளை எரிக்காமலேயே எடுக்க வழி உண்டு. கூடவே ஹைட்ரஜனும் கிடைக்கும். அந்த வழிதான் மீத்தேன் வெப்பச்சிதைவு.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதன் ஒரு மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. உயிர்வளி புகாத கலனில் அதைக் கடுமையாகச் சூடேற்றினால் கார்பன் திடப்பொருளாகத் தங்கிவிடும். ஹைட்ரஜன் வாயுவாகப் பிரியும். உயிர்வளி இல்லாததால் இந்த வினையில் கரிவளி உருவாக வழியே இல்லை. அணு எடைகளைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்: 4 கிலோ மீத்தேனிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன், 3 கிலோ கார்பன்.

இப்போது பரவலாக உள்ள முறையில் மீத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்கிறார்கள். அதில் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் 9 முதல் 10 கிலோ வரை கரிவளி வெளியாகிறது. நீரை மின்சாரத்தால் பிரிக்கும் முறை தூய்மையானதுதான், ஆனால் மின்சாரம் மிக அதிகமாகத் தேவை. அதே அளவு ஹைட்ரஜனுக்கு மீத்தேனைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றல், கோட்பாட்டளவில், நீரைப் பிளக்கத் தேவைப்படுவதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹைட்ரஜன் நிறமற்ற வாயு என்றாலும், தயாரிக்கும் முறையைக் குறிக்க அதற்கு நிறப் பெயர் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. இம்முறையில் கிடைப்பது ‘டர்க்காய்ஸ்’, அதாவது நீலப்பச்சை ஹைட்ரஜன்.

இந்த வினை புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே கரித்தூளுக்காக இயற்கை எரிவாயுவைச் சிதைத்தார்கள். அன்று ஹைட்ரஜனை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. உலையைச் சூடாக்க அதையே எரித்துவிட்டார்கள்!

இவ்வளவு எளிதென்றால் இன்னும் ஏன் எங்கும் ஆலைகள் இல்லை? தொல்லை கொடுப்பது கரிதான். வினையூக்கி இல்லாவிட்டால் 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். நிக்கல், இரும்பு போன்ற வினையூக்கிகளைச் சேர்த்தால் வெப்பநிலை குறையும். ஆனால் உருவாகும் கரி அவற்றின் மேலேயே படிந்து, மீத்தேன் அணுக முடியாதபடி மூடிவிடுகிறது. படிந்த கரியை எரித்து நீக்கினால் கரிவளி வந்துவிடும். பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு?

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்க உருகிய வெள்ளீயத்தைப் பயன்படுத்தினார்கள். அதனடியில் மீத்தேனைக் குமிழிகளாக விட்டால், எடை குறைந்த கரி மேலே வந்து மிதக்கும். இந்த யோசனையை முன்வைத்தவர் நோபெல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்லோ ரூபியா. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோலித் நிறுவனம் வேறு வழியில் போனது. மின்சாரத்தால் உண்டாக்கும் பிளாஸ்மாவின் வெப்பத்தில் மீத்தேனைச் சிதைத்துக் கார்பன் பிளாக் எடுக்கிறது. குட்இயர் நிறுவனம் அதைக் கொண்டு டயர் செய்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஹேசர் நிறுவனம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வினையூக்கி மூடிப்போகும் என்றால் போகட்டும் என்று, விலை மலிவான இரும்புத் தாதையே வினையூக்கியாக்கிவிட்டார்கள். தாது கரியோடு சேர்ந்து வெளியேறும். புதுத் தாது உள்ளே போகும். கிடைக்கும் கரி கிராஃபைட் வடிவில் இருக்கும். பெர்த் நகருக்கு அருகே கழிவுநீர் நிலையம் ஒன்றின் உயிர்வாயுவைக் கொண்டு இயங்கும் இவர்களின் சோதனை ஆலை, 2024-இன் தொடக்கத்தில் முதல் ஹைட்ரஜனைத் தந்தது.

அடுத்த சிக்கல் சந்தை. உலகின் ஹைட்ரஜன் உற்பத்தி 2023-இல் ஏறக்குறைய 97 மில்லியன் டன். அவ்வளவையும் இம்முறையில் தயாரித்தால் 290 மில்லியன் டன் கரி குவியும். கார்பன் பிளாக்கின் உலகத் தேவையோ 15 மில்லியன் டன் அளவுதான். முதலில் தொடங்கும் சில ஆலைகள் கரியை நல்ல விலைக்கு விற்கலாம்; பின்னால் வருபவர்கள் சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் மலிவாகத் தள்ளிவிட வேண்டியிருக்கும், அல்லது புதைக்க வேண்டும். மீத்தேனின் எரிசக்தியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அந்தக் கரியில்தான் அடங்கியிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. எரிவாயுக் குழாய்களில் மீத்தேன் கசிந்தாலும் கணக்கு கெட்டுவிடும். 100 ஆண்டுக் கணக்கில், கரிவளியைப் போல் 25 மடங்குக்கும் அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

மலேசியாவில் இந்தக் கணக்கு சற்று மாறுகிறது. இங்கு 400-க்கும் மேற்பட்ட செம்பனை ஆலைகள் உள்ளன. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் வாடை தெரிந்திருக்கும். அந்தக் குளங்களிலிருந்து எழும் உயிர்வாயுவில் பாதிக்கும் மேல் மீத்தேன். அதிலுள்ள கார்பன், செம்பனை மரம் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. அதைத் திடக் கரியாக்கி வைத்துவிட்டால், காற்றிலிருந்த கரிவளியையே குறைத்ததாகிவிடும். நிலத்தடி எரிவாயுவால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் குளத்து வாயுவில் கரிவளியும், வினையூக்கியைக் கெடுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றை நீக்க வேண்டும். ஆலைகளோ சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கிடைக்கும் வாயு குறைவு. சிறிய அளவிலும் கட்டுப்படியாகும் ஓர் உலையை வடிவமைப்பதும், கிராஃபைட்டில் கலந்துவிடும் இரும்பைச் செலவின்றிப் பிரிப்பதும் வேதிப் பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுக்கு ஏற்ற கேள்விகள்.