யானையின் வழியில் நிற்பவர் யார்? சீகூர் தீர்ப்பும் வன உரிமைச் சட்டமும்

நீலகிரி மலையின் வடசரிவு செங்குத்தாக இறங்கி முடியும் இடத்தில் சீகூர் பீடபூமி தொடங்குகிறது. அதற்கு வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. ஒருபுறம் ஏற முடியாத மலை, மறுபுறம் இறங்க முடியாத பள்ளம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தின் வழியாகவே மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் வலசை செல்கின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் வெண்முதுகுப் பாறு கழுகுகளும் மாயாற்றை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும் இங்கேதான் இருக்கின்றன. இருளர் குடியிருப்புகள் உண்டு. கூலி வேலைக்கு வந்து தங்கிய தலித் குடும்பங்கள் உண்டு. பின்னாளில் சொகுசு விடுதிகள் வந்தன. அவற்றோடு மின்வேலிகளும் இரவு விளக்குகளும் வந்தன.

இந்நிலத்தை யானை வழித்தடமாக அறிவித்துத் தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்டில் அரசாணை வெளியிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் அதை உறுதி செய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். அங்கு 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளுக்கு முத்திரையிட உத்தரவு பிறந்தது. 2020 அக்டோபர் 14 அன்று, தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு அரசாணை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடித்தளம் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. மீட்க முடியாத கேடு நேரக்கூடும் எனும்போது, அறிவியல் சான்று முழுமையாகக் கிடைக்கும்வரை அரசு கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

தீர்ப்பின் இந்தப் பகுதியை நாம் எதிர்க்கக் காரணமில்லை. தீர்ப்பு வந்த மூன்று மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதியொன்றின் அருகே வந்த யானைமீது எரியும் டயர் வீசப்பட்டது. தீக்காயமுற்ற அந்த யானை இறந்தது. அந்தக் காணொளியைப் பார்த்த எவரும் விடுதிகளுக்காக வாதாடத் தயங்குவர்.

ஆனால் 'வளர்ச்சியா, வனவுயிரா' என்று தராசு பிடிக்கும்போது ஒரு தட்டில் யானையும் மறுதட்டில் 'மனிதர்கள்' என்ற ஒற்றைக் குவியலும் வைக்கப்படுகின்றன. பல ஏக்கரில் விடுதி கட்டியவரும், அதன் சமையலறையில் பாத்திரம் கழுவுபவரும், தலைமுறைகளாகக் காட்டில் மாடு மேய்த்த இருளரும் அதே குவியலுக்குள் வந்துவிடுகிறார்கள். சட்டம் இவர்களை ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

உச்ச நீதிமன்றம், நில உரிமையாளர்களின் தனிப்பட்ட ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. விடுதிக்காரர்கள் ஆவணங்களோடும் வழக்கறிஞர்களோடும் அதன்முன் நின்றனர். பட்டாவே இல்லாதவருக்கு அந்தக் கதவால் பயன் குறைவு. அவருக்கான கதவு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்.

அச்சட்டத்தின் பிரிவு 4(5)இன்படி, உரிமைகளை அங்கீகரித்துச் சரிபார்க்கும் நடைமுறை முடியும்வரை வன நிலத்தில் வாழும் பழங்குடியினரையோ இதர பாரம்பரிய வனவாசிகளையோ வெளியேற்றக் கூடாது. முக்கிய வனவுயிர் வாழிடம் என்று ஓரிடத்தை அறிவித்து மக்களை இடம்பெயர்க்க வேண்டுமாயின் பிரிவு 4(2)இன் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலில் உரிமைகள் அங்கீகரிக்கப்பட வேண்டும். மக்கள் இருப்பதால் மீளாத கேடு விளைகிறது என நிறுவ வேண்டும். சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்ற முடிவுக்கு அரசு வர வேண்டும். கிராமசபை முழுத் தகவலறிந்து தன் விருப்பில் எழுத்துமூலம் ஒப்புதல் தர வேண்டும். புதிய இடத்தில் வசதிகள் முடியும்வரை யாரையும் நகர்த்தக் கூடாது. அப்படி விடுவிக்கப்பட்ட நிலத்தை அரசோ தனியாரோ பின்னர் வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் முடியாது. குடிசையை அகற்றிவிட்டு அங்கே விடுதி எழுப்பும் வழியை அடைப்பது இந்தக் கடைசி நிபந்தனைதான். புலிகள் காப்பகங்களுக்கு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38-வி ஏறத்தாழ இதே பாதுகாப்பைத் தருகிறது.

சிக்கல் எங்கே என்றால், யானை வழித்தடம் இந்த வகைகளுள் ஒன்றாக அல்லாமல் அரசாணையின் வழியாக வருகிறது. எனவே கிராமசபையின் ஒப்புதல் தேவையில்லை என்று அதிகாரிகள் வாதிட இடமுண்டு. வழித்தடத்துக்குள் உள்ள வன நிலத்துக்குப் பிரிவு 4(5) பொருந்தும் என்பதே அதற்கு நம் மறுமொழி. வனத்துறை 2024இல் 42 வழித்தடங்களைக் குறிக்கும் வரைவறிக்கையை வெளியிட்டபோது கூடலூர், பந்தலூர் மக்கள் எதிர்த்துக் கிளம்பினர். அந்த எதிர்ப்பை யானை வெறுப்பு என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது.

கட்டுமானம் என்றாலே காட்டுக்குப் பகை என்பதும் சட்டத்தின் நிலைப்பாடு அல்ல. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, சாலை போன்ற 13 வகைப் பொது வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபையின் பரிந்துரையோடு பயன்படுத்தப் பிரிவு 3(2) இடம் தருகிறது.

இனி தலித் குடும்பங்களின் நிலை. பழங்குடிகளுக்கு 2005 டிசம்பர் 13க்கு முன்பு அந்நிலம் அவர்கள் வசம் இருந்தால் போதும். தலித்துகள் 'இதர பாரம்பரிய வனவாசிகள்' என்ற வகைக்குள் வருகிறார்கள். அவர்கள் அந்நாளுக்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்திருந்ததைக் காட்ட வேண்டும். 1930க்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பது இதன் கணக்கு. மசினகுடிப் பகுதிக்கு மின்திட்ட வேலைகளுக்காகத் தொழிலாளர்கள் வந்தனர். பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியதே 1932இல். மாயாறு மின்நிலையம் 1950களில். மலையைக் குடைந்து மின்சாரம் தந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். இந்த 75 ஆண்டு வரம்பு திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களோ காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நிலம் வைத்திருக்கவே சாதி இடங்கொடுக்காத குடும்பத்திடம் 1930ஆம் ஆண்டின் ஆவணத்தைக் கேட்பதில் எந்த நியாயமும் இல்லை; சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. விதி 13இன்படி கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், குடும்ப வழிமரபு, மனுதாரர் அல்லாத முதியவரின் எழுத்துமூல வாக்குமூலம் ஆகியவையும் சான்றுகளே. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் போதும். ஊரால் ஒதுக்கித் தள்ளப்பட்ட தனி இடுகாடு இவ்விடத்தில் நம் மூதாதையரின் சாட்சியாகிறது. சட்டம் கோருவது 75 ஆண்டுக் கால வசிப்பை. கோரும் அதே துண்டு நிலத்தை அத்தனை காலமும் உழுததை அல்ல.

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கான காலம் 60 நாட்கள். நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 13 அன்று உத்தரவிட்டு, இரு வாரங்களில் அதை நிறுத்தி வைத்தது. அப்படியோர் உத்தரவு மீண்டும் வரும் நாளில் கையில் இருக்க வேண்டியவை கிராமசபைத் தீர்மானத்தின் நகல், சர்வே எண்ணோடு கூடிய வரைபடம், மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டு. முதியவர்களின் வாக்குமூலங்களை இந்த ஆண்டே எழுதி வாங்கிவிடுங்கள்.