பழைய டிராக்டருக்கு எந்த கூலன்ட்?

‘ரேடியேட்டருக்கு போர் தண்ணியே போதாதா சார்? நம்ம ஊருல என்ன, தண்ணி உறைஞ்சா போயிடப்போகுது?’ பழைய டிராக்டர், டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துரு பிடிக்காமலும், உப்பு படியாமலும், எளிதில் கொதிக்காமலும் காப்பதே நமக்கு முக்கியம். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, பாத்திரத்தின் அடியில் படிவதுபோல இன்ஜினுக்குள்ளும் படியும். சூடு வெளியேறாது. ஹெட் கேஸ்கெட் போகும். முற்றினால் இன்ஜினே சீஸ் ஆகிவிடும்.

எதை வாங்குவது?

பழைய வண்டிகளில் பெரும்பாலும் செம்பு, பித்தளை ரேடியேட்டர். ஈயப் பற்று வைத்திருப்பார்கள். புதிய வண்டிகளுக்கான ‘லாங் லைஃப்’ கூலன்ட் எல்லாமே இதற்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையே முதல் தேர்வு. கையேடு இல்லையென்றால், டீசல் இன்ஜினுக்கும் செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கும் ஏற்றது என்று லேபிளில் உள்ள பழைய ரகக் கூலன்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பச்சை, சிவப்பு என நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு ரகங்களைக் கலக்கவும் வேண்டாம்.

எப்படி ஊற்றுவது?

* இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்கவும்.
* பழைய தண்ணீரை வடித்து, துரு போகும்வரை அலசவும். ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப்பில் கசிவு இருந்தால் முதலில் சரிசெய்யவும்.
* ‘ரெடி டு யூஸ்’ என்றிருந்தால் அப்படியே ஊற்றலாம். ‘கான்சன்ட்ரேட்’ என்றால் லேபிளில் உள்ள அளவில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கலக்கவும். பெரும்பாலும் சரிபாதி. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் சூடு சரியாகக் கடத்தப்படாது.
* பழைய ரகத்தைப் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கூலன்ட் மாற்றியும் சூடேறினால் ரேடியேட்டர் இடுக்கில் அடைத்த வைக்கோல் தூசி, தளர்ந்த ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பாருங்கள்.

கால்நடை கவனம்! பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். ஆடு, மாடு, நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம். வடித்ததை வாய்க்காலிலோ தொழுவத்தருகிலோ ஊற்றாமல், மூடிய கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மீதமுள்ள கேனைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.