குடத்து விளக்கும் குன்றின் விளக்கும்

பூட்டிய அலமாரியில் இருக்கும் நூலால் யாருக்கு என்ன பயன்? சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் எழுப்பிய கேள்வி இது. நூல் இருப்பது காவல் காக்க அன்று, பயன்படுவதற்கே என்பதை அவர் 1931-இல் தம் நூலில் முதல் விதியாக வைத்தார். வாசகர் தாமே அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இன்று அதே கேள்வி ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி எழுந்துள்ளது. பல ஆய்வு இதழ்களைச் சந்தா கட்டியவர் மட்டுமே படிக்கலாம். வேறு சில, இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கத் திறந்திருக்கின்றன. ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் முன்னவர் ஒருவரின் கட்டுரையைச் சுட்டுவதே மேற்கோள். திறந்து வைத்தால் மேற்கோள் மிகுமா?

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மும்பை கே. இ. எம். மருத்துவமனையைச் சார்ந்து 1955 முதல் வெளிவரும் ஒரு மருத்துவ இதழ், 2001-இல் இணையத்தில் அனைவருக்கும் திறந்து விடப்பட்டது. அதன்பின் அதன் கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் பெருகின. பழைய கட்டுரைகளையும் பலர் சுட்டினர். முதல் மேற்கோள் கிடைக்கும் காலமும் குறைந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் இணையமும் பரவியது அன்றோ? பெருகியதற்குக் காரணம் எது? இதைச் சோதிக்க 2007-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 11 இதழ்களில் சீட்டுக் குலுக்குவது போலச் சில கட்டுரைகளைத் தேர்ந்து திறந்து விட்டனர். திறந்தவற்றைப் பலர் படித்தனர். ஆயினும் முதல் ஆண்டில் மேற்கோள் மிகவில்லை. கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் சந்தா கட்டும் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களே. அவர்களுக்குக் கதவு முன்பே திறந்திருந்தது. 2009-இல் வந்த வேறோர் ஆய்வு, வசதி குறைந்த நாடுகளின் ஆய்வாளர்களிடம் திறப்பின் பயன் மிகுதி என்று காட்டியது. ஆகவே கதவு யாருக்கு மூடியிருந்ததோ, அவருக்கே திறப்பு உதவுகிறது எனலாம்.

இது நம் திருப்பூருக்கும் பொருந்தும். நொய்யலில் கலந்த சாயக்கழிவைப் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நாம் அறிந்ததே. ஒரத்துப்பாளையம் அணையை அடுத்த உழவர் ஒருவர், தம் கிணற்று நீரைப் பற்றிய ஆய்வை அறிய விரும்பினால் என்ன செய்வார்? 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி, ஆய்வு நிலையங்களுக்குக் கிடைக்கின்றன. உழவரோ அந்நிலையங்களுக்கு வெளியே நிற்கிறார். அவர் படித்தாலும் மேற்கோள் காட்டப் போவதில்லை. அவர் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதற்காக அவர் படித்தது வீணாகுமா?

தோழியரே! மேற்கோள் எண்ணிக்கை ஓர் அளவுகோல். அதுவே முழு அளவு ஆகாது. ஆய்வுகள் திறந்திருந்தால் மட்டும் போதாது. அவற்றின் சாரம் எளிய தமிழிலும் வர வேண்டும். நம்மில் நாளை ஆய்வாளராகப் போகிறவர்கள் தம் விளக்கைக் குடத்துள் வைக்காமல், குன்றின் மேல் ஏற்றி வைப்பார்களாக!